சக்கையும் காகிதமும்



கரும்பை மென்றுவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுகிறோம். பொங்கலுக்கு மறுநாள் நம் தெருக்களில் கிடப்பதெல்லாம் அதுதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித ஆலை இந்தச் சக்கையிலிருந்து 1980-களிலிருந்தே காகிதம் செய்கிறது. சக்கையைக் கழுவிய அழுக்குத் தண்ணீரைக்கூட அவர்கள் சும்மா விடவில்லை. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் அதைத் தின்று எரிவாயு தருகின்றன. சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக அந்த வாயு எரிகிறது. அதே தண்ணீரைத் திறந்த குட்டையில் தேங்கவிட்டால், அந்த மீத்தேன் வானத்துக்குப் போய், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். கூழ் காய்ச்சியபின் மிஞ்சும் கருஞ்சாற்றை எரித்தும் நீராவி எடுக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் காற்றாலைகளும் உண்டு.

ஐயாயிரம் பேர் உண்டு முடித்ததும், மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடை! அப்பத்தைப் பலுகச் செய்யத் தெரிந்தவருக்குத் துண்டுகள் எதற்கு? குருமடத்தில் நாங்கள் இதைப் பற்றி வாதாடியதுண்டு. காகிதபுரத்தைப் பற்றிப் படித்தபோது அந்தக் கூடைகள்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். சர்க்கரை ஆலைக்குச் சக்கை குப்பை அல்ல. அதன் கொதிகலனுக்கு அதுதான் விறகு. அதைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டால், அங்கே வேறெதையாவது எரிக்க வேண்டும். அது நிலக்கரியானால் மரம் தப்பியது, புகை இடம் மாறியது, அவ்வளவுதான். ஈரத்தாளை உலர்த்தவும் ஏராளமான நீராவி வேண்டும். எப்படிச் செய்தாலும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு விலை இருக்கிறது.

2015-இல் வெளிவந்த சுற்றுமடலில், வீசியெறியும் கலாச்சாரத்துக்கு எடுத்துக்காட்டாகத் திருத்தந்தை பிரான்சிஸ் காகிதத்தைத்தான் சொன்னார். செய்வதில் பெரும்பகுதி மறுசுழற்சிக்கு வராமல் குப்பைக்குப் போகிறது என்பது அவர் வருத்தம்.

நம் கோயில் கதையைக் கேளுங்கள். போன வருடம் பங்குத் திருவிழாவுக்கு 3,000 நோட்டீஸ் அடித்தோம். ஆயிரத்துக்கு மேல் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. கணக்குப் பார்க்காமல் அச்சகத்துக்குச் சொன்னவன் நான்தான். ஒருநாள் உபதேசியார் அதைக் கோயிலுக்குப் பின்னால் கொளுத்திக்கொண்டிருந்தார்.

“பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கலாமே உபதேசியாரே?”

“மாதா படம் போட்டிருக்கே சாமி. அதுல வடை மடிச்சுக் கொடுப்பாங்களே!”

எனக்குப் பதில் வரவில்லை. இந்த வருடம் 1,200 நோட்டீஸ்தான் அடித்திருக்கிறோம். படம் போடவில்லை.