கம்ப்யூட்டர் சாட்சி சொன்னால்...



கம்பெனியில் ஓர் ஊழியர் கம்ப்யூட்டரில் என்ன செய்தார் என்று ஆராய்ந்து அறிக்கை தருவது என் வேலையில் ஒரு பகுதி. கூப்பிடும்போதே, "சார், இவன்தான் செஞ்சிருக்கான், ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க" என்பார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. திருடினானா என்று தேடப் போனால் திருட்டுதான் கண்ணில் படும். அதனால் கேள்வியை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்: 'இந்த ஃபைல்கள் வெளியே போயினவா? போயிருந்தால் எப்படி?'

ஒரு முறை, அதிகாலை 4.30க்கு, ஆபீஸ் பூட்டியிருந்த நேரத்தில், ஒருவர் ஃபைல்களைக் காப்பி செய்ததாக லாக் காட்டியது. வேலைநீக்கக் கடிதம்கூட டைப் ஆகி மேஜையில் இருந்தது. ஆனால் அந்த சர்வர் நேரம் குறிப்பது யுடிசி கணக்கில். நம்ம நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதாவது காலை 10 மணி! மேனேஜர் கேட்ட பேக்கப்பைத்தான் மனுஷன் எல்லார் முன்னாலும் எடுத்திருக்கிறார். இத்தனைக்கும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2007-ல் ஓர் அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள். இன்டர்நெட் உபயோகம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு. சந்தேகம் வந்ததே அதனால்தான். வழக்கும் போட்டார்கள். பிறகு நிபுணர்கள் பார்த்தால், வைரஸ் தடுப்பு ஒழுங்காக வேலை செய்யவே இல்லை. உள்ளே புகுந்த வைரஸ் நிமிஷத்துக்கு 40 தளங்கள் வரை தானாகவே போய் வந்திருக்கிறது. மனுஷக் கை அவ்வளவு வேகமா ஓடுமா? 2008-ல் வழக்கைக் கைவிட்டார்கள். அதற்குள் அவருடைய சேமிப்பும் காரும் வக்கீல் செலவுக்குப் போய்விட்டன.

இந்தத் துறைக்கு வரப்போகிற தம்பிகளுக்கு: ஒரிஜினல் டிஸ்கைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள், ஹாஷ் எண்ணைக் குறித்து வையுங்கள். லாக்-இன் பெயர் அக்கவுண்ட்டைத்தான் காட்டும், கீபோர்டு முன்னால் உட்கார்ந்த ஆளை அல்ல. (பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைக்கிற ஆபீஸ்கள் எனக்குத் தெரியும்!) வழியில் அவர் மனைவியின் மெடிக்கல் ரிப்போர்ட் கண்ணில் பட்டால், மூடிவிட்டு நகருங்கள். கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கோபம் மாதிரியே பாசமும் கண்ணை மறைக்கும். போன வருஷம் என்னிடம் வந்த பெயர், தினமும் என்கூட மதியம் சாப்பிடுகிறவருடையது. பிரித்துப் பார்க்காமலே வேறொரு இன்ஜினியரிடம் ஒப்படைத்தேன். அவர் ஒரு வாரம் பார்த்தார். ஃபைல்கள் வெளியே போனது உண்மைதான். நண்பருக்கு வேலை போயிற்று. நீயே பார்த்திருக்கலாமே என்று கேட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.