துருவத்தில் டாக்டருக்குத் துணை



ஜெனரேட்டர் பார்க்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சரவணம்பட்டியில் நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அண்டார்க்டிகாவில் உள்ள நம் மைத்ரி நிலையத்தில் குளிர்காலத்தில் அது நடக்காது. கப்பல் கோடையில்தான் வரும்.

மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30. அங்கிருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகோசோவ், வயது 27. குடல்வால் அழற்சி அவருக்கே வந்துவிட்டது! பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே அறுத்தார். கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்ததால், பெரும்பாலும் விரலால் தடவியே வேலை செய்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் வானிலை ஆய்வாளர். கண்ணாடியும் விளக்கும் பிடித்தவர் மெக்கானிக். நம்ம ஆளுங்க! இரண்டு வாரத்தில் டாக்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

1999-ல் தென்துருவ அமெரிக்க நிலையத்தில் டாக்டர் ஜெர்ரி நீல்சனுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. இவரும் தனி டாக்டர்தான். ஆனால் திசுவின் படங்கள் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவுக்குப் போயின. ஜூலையில் விமானம் மருந்தைப் பாராசூட்டில் போட்டது, அக்டோபரில் வந்து அழைத்துப்போனது. ஊசி வேலையில் அவருக்கு உதவியவர் ஒரு வெல்டர்.

ஆஸ்திரேலியர்கள் இதை முறையாகவே செய்கிறார்கள். குளிர்காலம் தங்கும் டாக்டர் தன் குடல்வாலை முன்பே எடுத்துவிட வேண்டும். டாக்டரல்லாத சிலருக்கு ஹோபார்ட் மருத்துவமனையில் இரண்டு வாரம் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நம்மவர்கள் 1981 முதல் போகிறார்கள். புறப்படுமுன் டெல்லி எய்ம்ஸில் உடற்சோதனை, ஆவ்லியில் பனிப்பயிற்சி. மைத்ரியிலும் 2012-ல் வந்த பாரதியிலும் டாக்டர் உண்டு. இருந்தும் 1990-ல் நம் குழுவினர் நால்வர் முகாமில் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள். எந்த டாக்டரும் எட்டும் முன்பே நடந்துவிட்ட சாவு. புகைபோக்கியும் காற்றோட்டமும் யார் பொறுப்புங்க? நம் பொறுப்புத்தானே?

மெக்கானிக்கல் தம்பிகளே, இந்த நிலையங்களுக்கு ஜெனரேட்டர், வண்டி பார்க்கும் ஆட்களையும் எடுக்கிறார்கள். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் விளம்பரத்தைப் பார்த்து வையுங்கள். சாப்பாட்டுக்கு நேரமாச்சு.