மூன்று ஸ்பூன் சர்க்கரையும் கால் மணி நேரமும்

(நம் சங்கத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு வேறு. வங்கிப் பணி அனுபவங்களைப் பற்றிப் பேசச் சொன்னார். அதைப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் லோன் கேட்பீர்கள். அதனால் அவரிடம் அனுமதி வாங்கித் தலைப்பை மாற்றிக்கொண்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று குறைந்து போனால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் டாக்டர் அல்ல. 1981-ல் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவன், சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்பவன். சொல்லப் போகும் மருத்துவ விஷயங்களை எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

2016-ல் நடந்த சந்திப்புக்கு வந்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். விடுதியில் என் அறைத் தோழனாக மூன்று வருஷம் இருந்தவன் இப்போது நாலாவது வரிசையில் தன் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லவில்லை. ஆனால் கதையைச் சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லுடா, எனக்குத்தான் பாதி ஞாபகம் இல்லையே, நானும் கேட்டுக்கிறேன்" என்றான்.

மெஸ் செயலாளராக இருந்தவன் அவன். அரிசி, பருப்பு, விறகு, பால் என்று மாசக் கணக்கு முழுவதையும் காகிதமே இல்லாமல் தலையிலேயே போடுவான். வார்டன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டி முடிக்கிறதற்குள் இவன் பைசா சுத்தமாக விடை சொல்லிவிடுவான்.

2016 சந்திப்பு முடிந்த இரவு, வெளியூர்க்காரர்கள் ஆறு பேர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அவன் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தான். காலையிலிருந்து ஏற்பாட்டு வேலையாக ஓடிக்கொண்டே இருந்ததால் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு வாய் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டான். பத்தரை மணி இருக்கும். திடீரென்று சம்பந்தமில்லாமல் கோபப்பட்டான். சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றுகிறேன் என்று கத்தினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. நாக்கு குழறியது.

"என்னடா, எங்களுக்குத் தெரியாம போட்டுட்டியா?" என்று ஒருவன் கேட்டான். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது.

எங்களில் ஒருவனுடைய தாயார் சர்க்கரை நோயாளி. அவன்தான், "டேய், இது லோ சுகர் மாதிரி இருக்கு" என்று கீழே ஓடி, சர்க்கரை அதிகம் போட்டு ஒரு காபி வாங்கி வந்தான். குடித்துக் கால் மணி நேரத்தில் பழைய ஆளாகிவிட்டான். என்ன நடந்தது என்றே தெரியவில்லை அவனுக்கு. எல்லோரும் கிண்டல் செய்தோம். "ஏதாவது சாப்பிடுறியா?" என்று நான் கேட்டேன். "வேண்டாம்டா, தூக்கம் வருது" என்றான். "சரி, தூங்கு" என்றேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது.

காலை ஆறு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. குறட்டை மாதிரி ஒரு மூச்சு. படுக்கை முழுக்க வியர்வை. 108-க்குப் போன் செய்தோம். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். 28. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண் திறக்க அன்று மாலை ஆயிற்று. மூன்று நாள் டிரிப் ஓடியது. நிறுத்தினால் மறுபடி இறங்கும், மறுபடி ஏற்றுவார்கள்.

அங்கிருந்த டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவன் சாப்பிட்டு வந்தது கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை. விலை மலிவு, வேலை செய்யும். ஆனால் கணையத்தைக் கசக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை, அதன் வேகம் உடம்பில் ஒரு நாள் வரைக்கும் நிற்கும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அதற்கு மேலும் நிற்கும். இவனுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் கொடுத்த காபி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குத் தாங்கியிருக்கும். மாத்திரையோ விடிய விடிய வேலை செய்திருக்கிறது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இந்த அளவுக்கு இறங்கினால், தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரியில் காட்டிக் கண்காணிப்பில் வைக்க வேண்டுமாம். எங்களுக்கு அது தெரியாது. அவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிழைத்தான். பேசுகிறான், நடக்கிறான், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறான். ஆனால் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தடுமாறுகிறான். மெஸ் கணக்கைத் தலையில் போட்டவன்.

மூளைக்கு அன்றாடத் தீனி குளுக்கோஸ்தான். அதைச் சேமித்து வைக்க மூளைக்குக் களஞ்சியம் கிடையாது, நிமிஷத்துக்கு நிமிஷம் ரத்தம் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே ஆபத்து. முதலில் உடம்பு அட்ரினலினை விட்டு எச்சரிக்கும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. அப்போது கவனிக்காவிட்டால் அடுத்து மூளை தடுமாறும்: எரிச்சல், உளறல், பார்வை மங்கல், பிறகு வலிப்பு, மயக்கம். குடித்தவன் மாதிரியே இருக்கும். பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் உண்டு.

வேதியியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு உபரிச் செய்தி. 1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது, அதைச் சுத்தம் செய்யக் கூப்பிடப்பட்டவர் கோலிப் என்ற உயிர்வேதியியலார். அவர் தன் சாற்றை முயலுக்குப் போட்டுப் பார்த்தார். முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸை ஊசியில் ஏற்றினார், எழுந்து உட்கார்ந்தன. அந்த வலிப்பை வைத்துத்தான் ஆரம்பத்தில் இன்சுலினுக்கு 'யூனிட்' கணக்கே வகுத்தார்கள். ஆக, மருந்தும் அதன் ஆபத்தும் அதற்கு மாற்றும் ஒரே ஆய்வுக்கூடத்தில் தெரிந்துபோன விஷயங்கள். நூறு வருஷம் கழித்தும் நம் லாட்ஜ் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நினைவு இருந்து விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை. அதாவது மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அதே அளவு குளுக்கோஸ் பொடியும் சரிதான். அரை டம்ளர் பழச்சாறு, அரை டம்ளர் கலர், ஒரு மேஜைக் கரண்டி தேன், எதுவும் ஆகும். 'டயட்' என்று போட்ட கலர் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. கால் மணி நேரம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லையென்றால் இன்னொரு தரம் அதே அளவு. தாண்டிவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதென்றால், இரண்டு இட்லியோ பாலும் பிஸ்கட்டுமோ கட்டாயம் சாப்பிட வேண்டும். கருவி கையில் இல்லையா? சந்தேகம் வந்தாலே கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் இறக்கிக்கொள்ளலாம்.

சாக்லேட், மைசூர்பாகு, ஐஸ்கிரீம் எல்லாம் இதற்குச் சரிப்படாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். நமக்கோ நிமிஷக் கணக்கு. அந்தக் கால் மணி நேரம் பொறுத்திருப்பதுதான் கஷ்டமே. என் அனுபவத்தில் சொல்கிறேன், அந்த நேரத்துப் பசிக்கு வீட்டிலுள்ள லட்டு டப்பாவைக் காலி செய்யத் தோன்றும். ஒரு தரம் செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 340. வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

இன்னொரு நுணுக்கம், இதைப் பலர் சொல்வதில்லை. சாப்பாட்டோடு போடுகிற அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவை சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பவை. இன்சுலினோடோ வேறு மாத்திரையோடோ சேர்த்து அவற்றைச் சாப்பிடுபவருக்குத் தாழ்நிலை வந்தால் சர்க்கரைத் தண்ணீர் தாமதமாகும், குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நம் ஊரில் சோடா வாங்கிவந்து ஊற்றுவார்கள், வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். குளுக்ககான் என்று ஒரு ஊசி இருக்கிறது, வீட்டாரே போடலாம். ஆனால் விலை அதிகம், எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது.

2018-ல் எனக்கும் இன்சுலின் எழுதினார்கள். இத்தனையும் தெரிந்தவன் ஒழுங்காக இருந்தேனா? 2019-ல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி பத்தரைக்கு என்றார்கள். நான் பத்துக்கே ஊசியைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வேன் வழியில் நின்றுவிட்டது. பந்தி பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. பதினொன்றேகாலுக்கு நாதஸ்வரச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் என்னமோ பேசியிருக்கிறேன், அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். என் பெண்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு வேர்க்குது" என்று பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் இருந்த கற்கண்டுத் தட்டை அப்படியே எடுத்துவந்துவிட்டாள். கற்கண்டைக் கடித்து மென்று தின்றேன். பையில் குளுக்கோஸ் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தாழ்நிலையில் முதலில் போவது அந்தப் புத்திதான். அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அடிக்கடி தாழ்நிலை வந்தால் எச்சரிக்கை மணியும் மழுங்கிவிடும். வியர்வை, நடுக்கம் இல்லாமலே நேராக உளறலுக்குப் போய்விடுவார்கள். சில வாரங்கள் சர்க்கரையை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் மணி மறுபடி அடிக்க ஆரம்பிக்குமாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரி சிலருக்குத் திட்டம் இருப்பது தெரியும். வெறும் வயிற்றில் குடித்தால் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும். குடித்த மயக்கமா, சர்க்கரை மயக்கமா என்று பிறருக்குப் பிரித்துப் பார்க்கவும் தெரியாது.

இன்சுலின் புட்டி வாங்கும்போது 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று லேபிளைப் பார்த்து, அதற்கான சிரிஞ்சையே வாங்குங்கள். 40-க்கான சிரிஞ்சில் 100 மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வயசிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் எந்த விடுதியிலும் இருப்பார்கள், இங்கேயும் இருப்பீர்கள். மறைத்து வைப்பீர்கள், அது எனக்குப் புரிகிறது. உலகத்துக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அறைத் தோழனுக்கு மட்டும் சொல்லுங்கள், குளுக்கோஸ் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டிவையுங்கள். சாயங்காலம் கபடி ஆடினால் அதன் விளைவு நடுராத்திரியில் கூட வரும், படுக்கும் முன் ஒரு தரம் சோதித்துவிட்டுப் படுங்கள். அறைத் தோழர்களே, அவன் ராத்திரியில் வியர்த்துப் போய் உளறினால் சிரிக்காதீர்கள். கொடுங்கள், சாப்பிட வையுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அவன் "தூக்கம் வருது" என்றால், சோதித்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

பதிவு மேஜையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் சோதனைக் கருவியும் வைத்திருக்கிறோம். எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை நாலாவது வரிசைக்காரன் கேட்டு வாங்கிக்கொண்டான். எத்தனை பாக்கெட் போயிற்று என்று நோட்டில் கோடு போட்டு வருகிறான், கணக்கு அவனுடையது. செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். சாப்பாடு 12.45-க்கு என்று போட்டிருக்கிறது. இன்சுலின்காரர்கள் அந்த நேரத்தை நம்ப வேண்டாம், இலையில் சாதம் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.