விஷயதானம்

(நமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற பறவை நோக்குவோர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் ஈகையிற் குறைந்தவரல்லர். அன்னதானத்துக்கென்று கேட்டால் அரிசி மூட்டைகள் வந்து சேர்கின்றன. ஏழை மாணவர் சம்பளத்துக்கென்று கேட்டால் கேட்ட தொகைக்கு மேலும் கிடைக்கின்றது. ஆயினும் ஒரு தானத்தை மாத்திரம் யான் ஐந்தாண்டுகளாக வாய் வலிக்கக் கேட்டும் பெற்றிலேன். அது விஷயதானம். நம் பறவை நோக்குவோர் கழகம் மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியிடும் சிற்றேட்டுக்கு அங்கத்தினர் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதியளிப்பதையே அப்பெயராற் குறிக்கின்றேன். அத்தானம் ஏன் கிடைத்திலது, எவ்வாறு கிடைக்கும் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் உள்ள நிலைமையைச் சொல்லுகின்றேன். சென்ற இதழ் 32 பக்கம். அவற்றுள் 23 பக்கம் யான் எழுதியன. 5 பக்கம் விளம்பரமும் வரவுசெலவுக் கணக்கும். எஞ்சிய 4 பக்கமே அங்கத்தினர் எழுதியன. கழகத்தில் 60 பேர் உளர். ஞாயிறு வைகறையில் ஏரிக்கரைக்கு வருவோர் இருபதின்மருக்குக் குறையார். அங்கே அவர்கள் பேசுவதை அப்படியே எழுதினால் ஓர் இதழுக்குப் போதும். ஆனால், "எழுதித் தாருங்கள்" என்ற சொல் என் வாயினின்று புறப்பட்டதும், கல்லெறி கண்ட கொக்குக் கூட்டம்போல் எல்லாரும் பறந்துவிடுகின்றனர். "பண்டிதர் நீங்கள் இருக்கையில் எங்களுக்கு எழுத்து எதற்கு?" என்பது அவர்கள் விடை. தானே பாடித் தானே கேட்கும் கச்சேரி எத்தனை நாள் நடைபெறும்? இதழை நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் இப்போது செயற்குழுவில் எழுந்துள்ளது.

இத்தகைய ஏடுகள் பிறவிடங்களில் எவ்வாறு தழைத்தன என்பதைச் சிறிது நோக்குவோம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை 1883-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் எண்மர் கூடித் தொடங்கினர். 1886-இல் அவர்தம் சஞ்சிகை வெளிவரலாயிற்று. அதற்கு எழுதியவர்களிற் பலர் இவ்வித்தையைப் பிழைப்பாகக் கொண்டவரல்லர். காட்டிலாகா அதிகாரிகள், இராணுவத்தார், தோட்டத் துரைமார், வைத்தியர் ஆகியோரே. நீண்ட கட்டுரைகளேயன்றிப் பல்வகைக் குறிப்புகளுக்கென்று தனியே ஒரு பகுதியும் அதில் உண்டு. அரைப்பக்கக் குறிப்புக்கும் அங்கே இடம் கிடைக்கும். எவ்விடத்தில், எந்நாளில், எதைக் கண்டேன் என்பதே அதன் சாரம். எழுதியவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் அச்சிறு குறிப்புகளை ஆராய்ச்சியாளர் தேடிப் படிக்கின்றனர்.

அச்சங்கத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1908-இல் ஒரு சிறுவன், தொண்டையில் மஞ்சள் நிறமுடைய குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, அஃது எவ்வினம் என்றறிய அதனை அங்கே எடுத்துச் சென்றான். கௌரவ காரியதரிசியாயிருந்த மில்லார்டு என்பவர், "உனக்கென்ன தெரியும்?" என்று விரட்டினாரல்லர். இனத்தைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டி, படிக்க நூல்களும் அளித்தார். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகறிந்த பறவைநூற் புலவராய் விளங்கிய சாலிம் அலி. கதவைத் தட்டுவோனுக்குத் திறக்கும் கை ஒன்று வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரிற் பாதிரியாராயிருந்த கில்பர்ட் வைட் என்பவர் 1789-இல் வெளியிட்ட பெயர்பெற்ற நூலும் கட்டுரை வடிவினதன்று; நண்பர் இருவருக்கு எழுதிய கடிதங்களின் வடிவினது. கட்டுரை என்றால் நடுங்கும் கை, நண்பனுக்குக் கடிதம் என்றால் ஓடுகின்றது.

இனி, என் குற்றத்தையும் இவ்வவையில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மூன்றாண்டுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறிப்பு ஒன்று கொணர்ந்தான். அவன் வீட்டுக் கிணற்றோரத்து ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டியதைப் பற்றியது. "ஆண் குருவி பாதிக் கூடு கட்டிட்டு, அதுல தொங்கிக்கிட்டே இறக்கைய அடிச்சுது. பெண் குருவி வந்து பாத்துட்டு, பிடிக்காம போயிருச்சு. ஆண் குருவி அந்தக் கூட்ட அப்படியே விட்டுட்டு வேற கூடு கட்டுது" என்று எழுதியிருந்தான். அவன் கண்டது முற்றும் உண்மை; அரைக்கூட்டைப் பெண் ஏற்ற பின்னரே ஆண் அதனை முடித்து வாயிற்குழலை நீட்டும். யானோ, என் புலமை சும்மாயிராமையால், "புள்ளினத்துட் கைவன்மை சான்ற தூக்கணம் தன் துணையின் உள்ளக்கிடக்கை ஓராது" என்று தொடங்கி முழுதும் மாற்றி அச்சிட்டேன். இதழைப் படித்த அவன், "ஐயா, இது நான் எழுதினதா?" என்று கேட்டான். அதன்பின் இன்றுவரை ஒரு வரியும் அவன் எழுதித் தந்திலன். எழுத வந்தவனை எழுதவிடாமற் செய்தவன் யானே. பிழையைத் திருத்துதல் ஆசிரியன் கடன். குரலைத் திருத்துதல் அவன் கடனன்று.

மற்றொன்று குற்றம் மாத்திரமன்று, ஈடுசெய்ய இயலாத இழப்புமாம். எங்கள் ஏரி மதகை நாற்பதாண்டு காத்த முதியவர் ஒருவர் நம் கழகத்தில் இருந்தார். நாரைகள் எவ்வாண்டு முந்தி வந்தன, எவ்வாண்டு வாராதொழிந்தன, ஏரி வறண்டபோது எத்திசை சென்றன என்பதெல்லாம் அவர் நாவில் இருந்தன. "எனக்குக் கையெழுத்துக்கு மேலே எழுத வராது, வாத்தியாரய்யா, நீங்க வாங்க, சொல்றேன்" என்றார். பொங்கல் கழியட்டும் என்றேன்; பரீட்சை முடியட்டும் என்றேன். சித்திரையில் அவர் காலமானார். ஏரியின் நாற்பதாண்டுக் கணக்கும் அவருடனே எரிந்தது. அதனை மீட்டெழுத எப்பண்டிதனாலும் ஆகாது. ஓர் இதழ் நின்றுபோவதால் நேரும் கேடு இன்னதென்று அன்றே உணர்ந்தேன்.

ஆதலின் இவ்வாண்டு முதல் சில முறைகளைக் கைக்கொள்ளக் கருதியுள்ளேன். முதலாவது, "அங்கத்தினர் எழுத வேண்டுகின்றோம்" என்று பொதுவில் அறிவிப்பதை விடுப்பேன். எல்லாரையும் கேட்பது ஒருவரையும் கேளாததற்கு ஒப்பாகும். ஒவ்வோர் இதழுக்கும் அறுவரைப் பெயர் சொல்லிக் கேட்பேன். இரண்டாவது, கட்டுரை கேளேன். ஒரே ஒரு வினாவை விடுப்பேன். விடை ஐந்து வரியாயினும் ஏற்பேன். மூன்றாவது, எழுத இயலாதவர் சொல்லலாம். கைப்பேசியிற் பதிவு செய்தேனும், பக்கத்திலமர்ந்து கேட்டேனும், நம் இளைஞர் அதனை எழுதுவர். சொன்னவர் பெயரே கட்டுரையின் தலையில் நிற்கும். நான்காவது, வந்த குறிப்பு எதுவாயினும் ஒரு வாரத்துக்குள் மறுமொழி அனுப்புவேன். விடை பெறாத கடிதமே ஒருவர் எழுதும் கடைசிக் கடிதமாகிவிடுகின்றது. ஐந்தாவது, திருத்தியதை எழுதியவருக்குக் காட்டி, அவர் இசைந்த பின்னரே அச்சிடுவேன்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். கொல்லையில் துணி உலர்த்தும்போது செம்போத்தின் குரலை முதலிற் கேட்பவரும், காக்கைக்குச் சோறு வைக்கையில் அதன் வரவையும் வாராமையையும் நாள்தோறும் அறிபவரும் நீங்களே. எம் ஏட்டில் உங்கள் பெயர் இதுகாறும் இல்லாதது எம் குறையேயன்றி உங்கள் குறையன்று.

அன்பர்களே! மண்டபத்து வாயிலில் சிறு தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு வினா மாத்திரம் உண்டு: "வடக்கினின்று குளிர்காலத்துக்கு வரும் வாலாட்டிக் குருவியை இவ்வாண்டு முதன்முதல் எங்கே, எந்நாள் கண்டீர்கள்?" ஊரும் தேதியும் பெயரும் எழுதினால் அதுவே விஷயதானம். ஒருவர் வரி வெறும் வரியே. அறுபதின்மர் வரி சேர்ந்தால், அக்குருவி எவ்வூருக்கு எப்பொழுது வந்தது என்பதற்கு ஒரு சாசனமாகும். பத்தாண்டு தொடர்ந்தால் நம் பேரர் அதனைப் பொன்போற் போற்றுவர்.

மதகு காத்த பெரியவரிடம் யான் கேளாமற் போனேன். உங்களிடம் இதோ கேட்டுவிட்டேன். வெறுங்கையாய் அனுப்பமாட்டீர்கள் என்ற நம்பிக்கையுடன் என் உரையை முடித்துக்கொள்ளுகின்றேன்.