தோடும் துப்பாக்கியும்
(வெள்ளகோவிலில் செய்த சொற்பொழிவு)



பெண்ணென்றால் பலவீனமானவள், அடுப்படிதான் அவளுக்கு இடம் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் சரித்திரம் சொல்லுகிறேன்.

ஜானகி 1925-ல் மலாயாவின் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்க்க சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து உதவி கேட்டபோது, காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். 1943-ல் ஜான்சி ராணிப் படையில் சேரவும் துணிந்தார். தகப்பனார் தடுத்தார். 18 வயதுப் பெண் விடவில்லை. சம்மதம் பெற்றே போனார். சொகுசாய் வளர்ந்தவருக்கு முகாம் வாழ்க்கை முதலில் கஷ்டமாகவே இருந்தது. ஆயினும் பழகி, படையின் துணைத் தளபதியானார். பர்மா வரை சென்றார். அவரோடு நின்றவர்களில் அனேகர் ரப்பர் தோட்டத்துக் கூலிப் பெண்கள்.

போஸ் ஜப்பானியர் துணையை நாடியது சரியா என்று வாதாடலாம். சயாம் ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளைப் பலிகொண்டவர்கள் அவர்கள்தாம். ஆனால் பெண்ணால் ஆகாது என்ற வாதத்துக்கு இனி இடமேது?

யுத்தம் முடிந்தபின், 1946-ல் மலாயா இந்தியக் காங்கிரசை நிறுவியவர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் மலேசிய மேல்சபையிலும் அங்கம் வகித்தார். 2000-ல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ அளித்தது. 2014-ல் காலமானார்.

இவர் படத்துக்கு மாலை போட நம்மில் ஆள் உண்டு. மகள் படிப்பை நிறுத்தி, எத்தனை பவுன் என்று பேரம் பேசுகிறவனும் அதே ஆள்தானே! ஜானகி தன் தோட்டைத் தானே கழற்றினார். நம் பெண்களுக்கு நகை பூட்டுவதும் கழற்றுவதும் யார் இஷ்டம்? வீட்டுக்குப் போய் உங்கள் மகளையே கேளுங்கள்.