அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு சொட்டு இரத்தம்



மருத்துவர் பேச வேண்டிய பொருளை ஆசிரியர் பேசலாமா என்று நீங்கள் நினைக்கலாம். நம் மாணவர் வீடுகளில் ஆறாத புண்ணோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பதை நாம் பார்க்கிறோம். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அறுவை சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. ஆகவே நாமும் பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இந்த நோய் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் அறுவை சிகிச்சைக்கும் என்ன தொடர்பு? கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் விரைந்து சென்று அதை விழுங்கும் என்று வகுப்பில் நடத்துகிறோம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அந்த அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்திருந்தால் காயத்துக்குப் போதிய இரத்தமும் போய்ச் சேராது. போதாக்குறைக்கு, அறுவை சிகிச்சையின்போது உடல் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை மேலும் ஏற்றுகின்றன. விளைவாகத் தையல் போட்ட இடம் சிவந்து, சீழ் பிடித்து, பிரிந்துபோகிறது. இத்தகைய தொற்று 30 நாள் வரைகூடத் தலைகாட்டலாம். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். கூலி வேலைக்கும் போயிருப்பார்.

குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்கு நாள் குறித்துச் செய்வதால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அவகாசம் உண்டு. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டு, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுவரப்படுபவருக்கு அந்த அவகாசம் ஏது? நோய் இருப்பது முன்பே தெரிந்து, மருந்து எடுத்து வந்தவருக்கு ஆபத்து குறைவு. முன்கூட்டியே பரிசோதிப்பதன் பயன் இதுதான்.

இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். "சர்க்கரை இருந்தால் ஆபரேஷன் செய்யவே முடியாது" என்பது ஒன்று. கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். "சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து விடுவார்கள், சொல்லாதே" என்பது மற்றொன்று. சில நாள் தள்ளிப்போவதைவிட, சீழ் பிடித்து மாதக்கணக்கில் படுப்பது பெருந்துன்பம். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பரிசோதனை எளிது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சர்க்கரை நோயாக இருக்கலாம். மறுபரிசோதனை செய்து மருத்துவர் உறுதிப்படுத்துவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலில், முப்பது வயதைத் தாண்டிய நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வோம். அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பேசுவோம். கரும்பு வெட்டும்போது, மல்லாட்டை பிடுங்கும்போது காலில் காயம் படுகிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். மூன்றாவதாக, நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பான்டிங் பிறந்த அந்த நாளே உலக நீரிழிவு நாளும்கூட. அன்று பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுப்போம். "தாத்தா, சர்க்கரை பார்த்தாச்சா? பாட்டி, நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டு வரட்டும்.

நாம் சொன்னால் தட்டிக்கழிப்பவர்கள்கூட, பேரப்பிள்ளை கேட்டால் கிளம்பிவிடுவார்கள்.