நதிமூலம் கேட்ட நகரம்



எங்கள் சிற்றூர் வீட்டின் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அங்கே குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழையின் அடியில் பாயும். அந்த வாழையின் கனியை யாவரும் மகிழ்ந்து உண்டோம். அருவருத்தவர் ஒருவரும் இலர். ஆனால், அந்நீரையே தூய்மை செய்து பருகத் தந்திருந்தால் என்ன செய்திருப்போம்? முகம் சுளித்திருப்போம், நானும் அப்படியே. அத்தயக்கத்தைக் கடந்த ஒரு நகரத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கில் உள்ள நாடு நமீபியா. மேற்கே நமீப் பாலைவனம், கிழக்கே கலகாரி. இடையிலுள்ள மேட்டு நிலத்தில் தலைநகர் விந்தோக் அமைந்திருக்கிறது. அங்கே ஆண்டு மழை சராசரியாக 370 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதியை வெயில் குடித்துவிடுகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் நாட்டின் எல்லைகளில் மட்டுமே உள்ளன. ஒகவாங்கோ ஆறு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நிலத்தடி நீரும் அணை நீரும் போதாத நிலையில், நகர மக்கள் பயன்படுத்திக் கழித்த நீரே கண்முன் எஞ்சி நின்றது. 1968-ஆம் ஆண்டில் அதனைத் தூய்மை செய்து, குடிநீருடன் நேராகச் சேர்க்கத் தொடங்கினர். உலகில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே.

"நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது" என்பது நம் பழமொழி. அத்துறை அறிஞர் லூக்காஸ் வான் வூரனும், நீரை அதன் வரலாற்றால் மதிப்பிடாமல் தரத்தால் மதிப்பிட வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால், தரத்தை உறுதி செய்ய வேண்டுமாயின் மூலத்தையும் கேட்டாக வேண்டும் அன்றோ? விந்தோக் நகரம் மூன்று கேள்விகளை இடையறாது கேட்கிறது.

இந்நீர் எங்கிருந்து வருகிறது என்பது முதற் கேள்வி. ஆலைக் கழிவில் நச்சு இரசாயனங்கள் இருக்கலாம். ஆகவே அது தனிவழியே பிரிக்கப்படுகிறது. வீட்டுக் கழிவுநீரே குடிநீருக்கென எடுக்கப்படுகிறது.

இந்நீருக்கு என்ன செய்யப்படுகிறது என்பது இரண்டாம் கேள்வி. நுண்ணுயிர்கள் முதலில் கழிவை உண்டு தீர்க்கின்றன. பின்னர் மணற்படுகை கலங்கலைத் தடுக்கிறது; ஓசோன் வாயு கரிமப் பொருள்களைச் சிதைக்கிறது; பதப்படுத்திய கரி எஞ்சியவற்றை ஈர்த்துக்கொள்கிறது; நுண்துளைச் சவ்வு கிருமிகளை நிறுத்துகிறது; இறுதியில் குளோரின் காவல் புரிகிறது. ஒரு காவல் தவறினும் அடுத்தது காக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இப்பொழுது இந்நீர் எப்படி இருக்கிறது என்பது மூன்றாம் கேள்வி. இடைவிடாது சோதனை நடக்கிறது. தரம் குறைந்த நீர் வீடுகளுக்கு அனுப்பப்படுவதில்லை. தேறிய நீரும் பிற நீருடன் கலந்தே குழாய்களில் செல்கிறது. 2002-ஆம் ஆண்டில் எழுந்த புதிய நிலையம் நாளொன்றுக்கு 2 கோடியே 10 லட்சம் லிட்டர் நீர் தரவல்லது.

நம் சென்னையிலும், கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலையங்கள் கழிவுநீரை உயர்தரமாகத் தூய்மை செய்து ஆலைகளுக்கு வழங்குகின்றன. ஆலைகள் அதனைக் கொள்ளும் அளவுக்கு ஏரிநீர் மக்களுக்கு மிஞ்சுகிறது.

மாணவ நண்பர்களே, நாளை உங்கள் ஊரிலும் இத்தகைய நீர் குடிப்பதற்கு வரலாம். அருவருப்பினால் மறுக்கவும் வேண்டா. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டா. அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவற்றுள் முதற் கேள்வி நம்மையும் நோக்கியது என்பதை மறவாதீர்கள். எண்ணெயையும் சாயத்தையும் சாக்கடையில் கொட்டுகிறவன், தன் அண்டை வீட்டாரின் குடத்தில் அதனைக் கொட்டுகிறான். எங்கள் கொல்லை வாய்க்காலில் அப்படி எதையும் எவரும் கொட்டியதில்லை. அது எங்கள் வாழைக்குப் போகும் நீர் என்று எல்லோருக்கும் தெரியும்.